பிறந்த வீட்டு ரத்தமா, பிறந்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டியா?

கேள்வி: டாக்டர் ஐயா, மண்டபம் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமத்தில் இருக்கிறேன். என் கணவர் எனக்குச் சொந்த அத்தை மகன். நாட்டுப்படகு வைத்திருக்கிறார். காலாண்டு விடுமுறைக்கு ஏர்வாடி பக்கம் உள்ள என் அம்மா வீட்டுக்குப் போய்வந்த நாலாம் நாள் என் மகனுக்குக் காய்ச்சல் கண்டது. ஒன்பது வயது. டெங்கு என்றார்கள். பிளேட்லெட் 22,000க்கு இறங்கி, ஷாக் வந்து, ஐந்து நாள் ஐசியூவில் இருந்து பிழைத்தான். நான்கு வருடத்துக்கு முன்னால் அதே வீட்டில் இருந்த என் அண்ணன் மகளை டெங்கு கொண்டுபோய்விட்டது. என் கணவர் வீட்டில் யாருக்கும் டெங்கு வந்ததே இல்லை. "உன் பொறந்த வீட்டு ரத்தமே டெங்குக்கு ஆகாத ரத்தம்" என்கிறார் மாமியார். என் தம்பிக்கு நாத்தனாரைக் கொடுப்பதாக இருந்த பேச்சையும் நிறுத்திவிட்டார். எனக்கு ஐந்து மாதக் கைக்குழந்தை வேறு. டெங்கு உண்மையிலேயே ரத்தத்தில் வருமா? மரபணு டெஸ்ட் எடுத்தால் தெரிந்துவிடுமா? மகனின் டிஸ்சார்ஜ் சம்மரியை இணைத்திருக்கிறேன்.

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் கேள்விக்கு "வராது" என்று ஒரு வார்த்தையில் எழுதியிருக்கலாம். மாமியாரிடம் காட்டவும் வசதியாக இருந்திருக்கும். ஆனால் அது முழு உண்மை இல்லை. டெங்கு ஒருவரை எவ்வளவு தூரம் வாட்டும் என்பதில் பிறப்போடு வந்த மரபணுவுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அந்தப் பங்கு எவ்வளவு சின்னது, உங்கள் வீட்டு விஷயத்தில் அது எங்கே வருகிறது என்பதைச் சொல்லத்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

கணவர் வீட்டில் யாருக்கும் வந்ததே இல்லை என்கிறீர்களே, அதை நான் நம்பவில்லை. உலகத்தில் வருடத்துக்கு 39 கோடி பேர் உடம்பில் டெங்கு வைரஸ் ஏறுகிறது என்றும், அதில் 9.6 கோடி பேருக்குத்தான் நோய் வெளியே தெரிகிறது என்றும் 2013-ல் ஒரு மதிப்பீடு வெளியானது. அதாவது நாலில் மூன்று பேருக்கு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. 2017-18-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 15 மாநிலங்களில் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் ரத்தம் எடுத்துப் பார்த்தது. முன்பு டெங்கு வந்துபோனதற்கான தடயம் நாடு முழுக்கச் சேர்த்தால் 48.7 சதவீதம் பேரிடம், தென் மாநிலங்களில் மட்டும் 76.9 சதவீதம் பேரிடம் இருந்தது. நம் பக்கத்தில் நாலு பேர் உட்கார்ந்திருந்தால் மூன்று பேர் டெங்கு பார்த்தவர்கள். உங்கள் மாமியார் அந்த நாலாவது ஆளாக இருக்கலாம்தான், நான் பந்தயம் கட்டமாட்டேன்.

என்னிடம் வந்த ஒரு குடும்பம். பாம்பன்காரர்கள். அண்ணன் தம்பி இருவரும் ஒரே பாயில் படுப்பவர்கள். தம்பிக்கு வயிற்றில் நீர் கோத்து, கை கால் சில்லிட்டு, நான்கு நாள் சலைனில் கிடந்தான். அண்ணன் ஒரு நாள்கூடப் பள்ளிக்கு லீவு போடவில்லை. சந்தேகத்துக்கு அவனுக்கும் ரத்தம் எடுத்தோம், அவனுக்கும் டெங்கு பாசிட்டிவ். ஒரே தாய் தகப்பன், ஒரே கொசு என்றுகூடச் சொல்லலாம். இருவருக்கும் ஏன் இந்த வித்தியாசம் என்று அவர்கள் அம்மா கேட்டபோது, எனக்குத் தெரிந்ததைச் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆனது.

மரபணு சங்கதியில் உறுதியான பெரிய வேலை வியட்நாமில் நடந்தது. டெங்கு ஷாக் வந்த 2,008 குழந்தைகளையும், ஒப்பிட்டுப் பார்க்க 2,018 பேரையும் எடுத்து, மரபணுத் தொகுதி முழுவதிலும் எங்கெங்கே எழுத்து மாறியிருக்கிறது என்று தேடினார்கள். அதில் கிடைத்ததை இன்னொரு கூட்டத்திலும் சரிபார்த்து 2011-ல் வெளியிட்டார்கள். லட்சக்கணக்கான இடங்களைத் தேடி, கடைசியில் தேறியது இரண்டே இடம். ஒன்று எம்ஐசிபி என்ற மரபணு, இன்னொன்று பிஎல்சிஇ1.

எம்ஐசிபி என்ன செய்கிறது? வைரஸ் ஏறிய செல், "எனக்குள் ஆள் புகுந்துவிட்டான், வந்து என்னையும் சேர்த்துக் கொல்லு" என்று மேற்பரப்பில் ஓர் அடையாளத்தைத் தூக்கிக் காட்டும். ஆபத்தில் மாட்டிய படகுக்காரர் துடுப்பில் துணியைக் கட்டி ஆட்டுவாரே, அது மாதிரி. ரோந்து வரும் வெள்ளணுக்கள் அதைப் பார்த்து அந்தச் செல்லை முடித்துவிடும். கொடி தெளிவாகத் தெரியாவிட்டால் வைரஸுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைத்துவிடும் என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

பிஎல்சிஇ1 வேறு மாதிரி. இந்த மரபணு அடியோடு பழுதான குழந்தைகளுக்குச் சிறுநீரக வடிகட்டி ஒழுகி, புரதம் சிறுநீரில் போய், உடம்பு வீங்கும் நோய் வருவது முன்பே தெரியும். டெங்கு ஷாக்கும் ஓர் ஒழுகல்தான். பலர் நினைப்பதுபோல அது ரத்தம் வற்றிப்போவது அல்ல. ரத்தநாளச் சுவரை ஒரு வலை என்று வையுங்கள். காய்ச்சல் விடும் சமயத்தில் வலைக்கண் அகன்று, ரத்தத்தில் உள்ள நீர் வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் கசிந்துவிடுகிறது. குழாய்க்குள் மிஞ்சுவது கெட்டியான ரத்தம். ஆக, வைரஸைக் கண்டுபிடிப்பதில் ஒரு மரபணு, கசிவைத் தாங்குவதில் ஒரு மரபணு. தேடியவர்கள் கையில் இந்த இரண்டும் கிடைத்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் அளவைப் பாருங்கள். எம்ஐசிபியில் அந்த எழுத்து ஒன்று மாறியிருந்தால் ஷாக் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. கேட்கப் பெரிதாக இருக்கிறது அல்லவா? ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன். ஆஸ்பத்திரிக்கு வரும் நூறு டெங்குக் குழந்தைகளில் மூன்று பேருக்கு ஷாக் வரும் என்று வைத்துக்கொண்டால், அந்த எழுத்து உள்ள நூறு பேரில் நான்கு பேருக்கு வரும். மீதி 96 பேர் அந்த எழுத்தை வைத்துக்கொண்டே சாதாரணமாக வீட்டுக்குப் போய்விடுவார்கள். பிஎல்சிஇ1-ல் உள்ள மாற்றமோ ஆபத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைக்கிறது. ஒரே ஆளிடம் இரண்டும் இருக்கலாம். இதை வைத்துக்கொண்டு ஒரு வீட்டையோ ஒரு பெண்ணையோ பார்த்து "ஆகாத ரத்தம்" என்று சொல்ல எந்த விஞ்ஞானிக்கும் துணிச்சல் வராது.

வேறு தடயங்களும் உண்டு. வைரஸ் செல்லுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் கொக்கிகளில் ஒன்றைச் செய்யும் சிடி209 என்ற மரபணுவில் உள்ள ஒரு மாற்றம் தாய்லாந்தில் 2005-ல் பேசப்பட்டது. கியூபாவில் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்குக் கடுமையான டெங்கு குறைவாகவே வருவதை 1981 கொள்ளைநோயின்போதே மருத்துவர்கள் கவனித்தார்கள். பிறகு அதன் காரணத்தைத் தேடிப் போனவர்கள் 2017-ல் கொழுப்பைக் கையாளும் சில மரபணுக்களைச் சுட்டிக்காட்டினார்கள். இவை தவிர நூறு பேர், இருநூறு பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வுகள் குவிந்து கிடக்கின்றன. ஒன்று ஆம் என்றால் அடுத்தது இல்லை என்கிறது. அவற்றை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

கொசு யாரைத் தேடிக் கடிக்கிறது என்பதிலும் மரபணு இருக்கிறது என்றால் சிரிப்பீர்கள். லண்டனில் இரட்டையர்களை வைத்து, அவர்கள் கை வாசனைக்கு டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு எப்படி வருகிறது என்று பார்த்தார்கள். ஒரே கருவில் பிரிந்த 18 ஜோடி, வேறு வேறு கருவாக வளர்ந்த 19 ஜோடி. முதல் வகையினரில் ஒருவரைக் கொசு விரும்பினால் மற்றவரையும் அதே அளவுக்கு விரும்பியது. இன்னொரு வகையினரிடம் அந்த ஒற்றுமை அவ்வளவாக இல்லை. ஆகவே "எனக்கு மட்டும் கடிக்குது" என்று புலம்புகிறவரை இனிமேல் கிண்டல் செய்யாதீர்கள். அது ரத்தத்தின் இனிப்பு அல்ல, தோலின் வாசம்.

இப்போது உங்கள் மகன். தம்பி கல்யாணம், மாமியார், அண்ணன் மகள் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் பார்த்தேன். காய்ச்சலின் மூன்றாம் நாளே ஐஜிஜி (கிருமியை எதிர்க்க உடம்பு செய்யும் ஆன்டிபாடிகளில் ஒரு வகை) பாசிட்டிவ். புதிதாக டெங்கு வந்த உடம்பில் அது அத்தனை சீக்கிரம் தலைகாட்டாது. அதனால்தான் உங்களைப் போனில் கூப்பிட்டு, முன்பு எப்போதாவது நீண்ட காய்ச்சல் வந்ததா என்று கேட்டேன். மூன்று வயதில் ஒரு வாரம் "வைரஸ் காய்ச்சல்" இருந்தது, தானாகவே விட்டுவிட்டது என்றீர்கள். என் கணிப்பில் அதுதான் முதல் டெங்கு. இப்போது வந்தது இரண்டாவது.

டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்துபோனால் அதற்கு ஆயுள் முழுக்கப் பாதுகாப்பு கிடைக்கும், மற்ற மூன்றுக்கும் சில மாதங்களுக்கு மேல் கிடைக்காது. அதோடு போனால் பரவாயில்லை. முதல் வகைக்காக உடம்பு செய்து வைத்த ஆன்டிபாடி, இரண்டாவது வகையைப் பார்த்ததும் போய் ஒட்டிக்கொள்கிறது, ஆனால் கொல்ல முடியவில்லை. ஆன்டிபாடி ஒட்டிய எதையும் விழுங்குவது வெள்ளணுவின் பழக்கம். அது வைரஸோடு சேர்த்து விழுங்கிவிடுகிறது. காவலாளியே திருடனின் கையைப் பிடித்து வீட்டுக்குள் விட்டுவிடுவது போல. டெங்கு வைரஸ் பெருகப் பிடித்தமான இடமே அந்த வெள்ளணுதான். கியூபாவில் 1977-ல் ஒன்றாம் வகை பரவியது, நோய் லேசாகவே இருந்தது. 1981-ல் இரண்டாம் வகை வந்தபோது 3,44,203 பேர் படுத்தார்கள், 158 பேர் இறந்தார்கள், அதில் 101 பேர் குழந்தைகள். அதே தீவு, அதே மக்கள், அதே மரபணு. நான்கு வருடத்தில் மரபணு மாறியிருக்க வழியில்லை.

சரி, "பொறந்த வீட்டு ரத்தம்" பற்றி. உங்கள் கணவர் உங்கள் சொந்த அத்தை மகன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் உங்கள் மாமியார் யார்? உங்கள் அப்பாவோடு பிறந்தவர். அவர் குறை சொல்லும் அந்தப் பிறந்த வீடு அவருடைய பிறந்த வீடும்தானே! அந்த ரத்தத்தை உங்களுக்கு முன்பே அந்த வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அவர். உங்கள் கணவரின் மரபணுவில் பாதி அவர் கொடுத்தது. கடிதத்தை இந்த இடத்தில் இரண்டு முறை படித்துச் சிரித்தேன், மன்னிக்கவும். உங்கள் மகனும் இறந்துபோன அந்தப் பெண் குழந்தையும் பகிர்ந்துகொள்வது எட்டில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலான மரபணு. சொந்தத்தில் கட்டியதால் அந்தக் "கொஞ்சம் மேல்". அந்தப் பங்கில் இரு தரப்பும் இருக்கிறது.

அவர்கள் முழுசாகப் பகிர்ந்துகொண்டது ஒன்று உண்டு. அது உங்கள் அம்மா வீடு. அந்தப் பெண் அங்கேயே வளர்ந்தவள். உங்கள் மகன் அங்கே விடுமுறை கழித்துவிட்டுத் திரும்பிய நாலாம் நாள் காய்ச்சலில் விழுகிறான். கொசு கடித்து நான்கிலிருந்து பத்து நாளில் காய்ச்சல் வரும் என்பது கணக்கு. எங்கே கடி வாங்கியிருப்பான் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

போனில் நான் கேட்ட இரண்டாவது கேள்வி தண்ணீர் பற்றி. உங்கள் ஊரில் தினம் தெருக்குழாயில் பிடித்து அன்றன்றைக்குத் தீர்த்துவிடுகிறீர்கள். அம்மா வீட்டில் எட்டு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வருகிறது. அதனால் பின்கட்டில் சிமென்ட் தொட்டி, இரண்டு நீல டிரம், மூடி உடைந்த சின்டெக்ஸ், திண்ணையில் குடங்கள். நம் மாவட்டத்தில் தண்ணீர் சேர்த்து வைப்பது பேராசை அல்ல, பிழைப்பு. தள்ளுவண்டியில் குடம் அடுக்கிக்கொண்டு போகும் பெண்களை அறியாதவர்களா நாம்? ஆனால் ஏடிஸுக்கு வேண்டியதும் அதேதான்: நிழலில், அசையாமல், ஒரு வாரம் நிற்கும் நல்ல தண்ணீர்.

தொட்டியைக் காலி செய்தால் போதும் என்று நினைப்பது தப்பு. இந்தக் கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரச் சுவரில் முட்டை ஒட்டுகிறது. காய்ந்தாலும் அது மாதக்கணக்கில் சாகாது. சித்திரையில் வறண்ட தொட்டி ஐப்பசி மழையில் நிறையும்போது பழைய முட்டைகளும் பொரிகின்றன. ஆகவே வாரம் ஒரு நாள் தண்ணீரை இறக்கிவிட்டு, தேங்காய் நாரும் பிளீச்சிங் பவுடரும் போட்டுச் சுவரைத் தேய்க்கவேண்டும், நன்றாக அலசி விட்டுத்தான் மறுபடி நிரப்ப வேண்டும். டிரம் வாயில் பழைய வேட்டியை இழுத்துக் கட்டுங்கள். கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்ற வருகிறவரை "குடிக்கிற தண்ணி" என்று சொல்லித் திருப்பி அனுப்பாதீர்கள், குறிப்பிட்ட அளவில் அது குடிதண்ணீருக்கு ஆகும். உங்கள் கணவரிடமும் ஒன்று சொல்லுங்கள். கரையில் ஏற்றிவைத்த படகின் அடியில், பக்கத்தில் கட்டிய டயரில், உடைந்த தெர்மோகோல் பெட்டியில் மழைத் தண்ணீர் நிற்கிறது. உப்புக் காற்று, உப்புத் தரை, இங்கே கொசு வளராது என்று படகுக்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கைக் கரையோரத்தில் உவர்த் தண்ணீரிலேயே ஏடிஸ் புழு வளர்வதைக் கண்டுபிடித்து 2011-ல் எழுதிவிட்டார்கள்.

மரபணு டெஸ்ட் வேண்டாம். டெங்கு யாருக்கு முற்றும் என்று சொல்லக்கூடிய டெஸ்ட் இன்றைக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் கிடையாது. அப்படி ஒன்று விற்றாலும் ரிப்போர்ட்டைப் பார்த்து நான் மாற்றிச் செய்யக்கூடிய வைத்தியம் எதுவும் இல்லை. உங்கள் மகனின் சம்மரியில் எல்லாரும் 22,000 என்ற பிளேட்லெட் எண்ணைப் பார்த்து அழுதிருக்கிறீர்கள். அதைவிட முக்கியமான எண் பக்கத்திலேயே இருந்தது: ஹீமட்டோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் நூற்றுக்கு எத்தனை பங்கு என்ற கணக்கு, 36-லிருந்து 45க்கு ஏறியது. நான் சொன்ன கசிவு அதுதான். சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே வரும் இந்த எண் எந்த மரபணு ரிப்போர்ட்டையும்விட உங்களுக்கு உதவும்.

தம்பி கல்யாணத்தை டெங்கைச் சொல்லி நிறுத்துவதில் அர்த்தமில்லை. ஆனால் நானாகக் கேட்டால் வேறொரு காரணம் சொல்வேன். உங்கள் தம்பிக்கும் அது அத்தை மகள். அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்தில் பிறக்கும் குழந்தைக்குப் பிறவிக் குறை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட நூற்றுக்கு இரண்டு, மூன்று கூடுதல். தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்திலேயே கட்டினால் இன்னும் கூடும். பெண்ணும் பிள்ளையும் விரும்பினால் நான் தடுக்கப்போவதில்லை, ஒரு மரபியல் ஆலோசகரைப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

மகனைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். இரண்டு வகை வந்துபோன பிறகு மூன்றாவது முறை இவ்வளவு கடுமையாக வருவது அபூர்வம். எனக்குக் கவலை கைக்குழந்தை பற்றித்தான். உங்களுக்கும் எப்போதோ டெங்கு வந்துபோயிருக்கும் என்று வைத்துத்தான் பேசவேண்டும். உங்கள் ஆன்டிபாடி கர்ப்பத்திலேயே பிள்ளைக்குப் போயிருக்கும். முதல் சில மாதம் அது கவசம். நாலைந்து மாதத்துக்குமேல் அது தேய்ந்து, கொல்லும் பலம் போய், ஒட்டும் பலம் மட்டும் மிஞ்சும் கட்டம் ஒன்று வரும். அப்போது டெங்கு வந்தால், முதல் முறையாக வந்தாலும் இரண்டாவது முறைபோலவே தாக்கலாம். ஒரு வயது நெருங்கினால் இந்த ஆபத்து போய்விடும். பாருங்கள், உண்மையில் தாயிடமிருந்து வருவது இதுதான், ஆனால் இது மரபணுவும் இல்லை, பரம்பரையும் இல்லை. உங்கள் மாமியாரும் தன் பிள்ளைகளுக்கு இதைக் கொடுத்திருப்பார். இந்தப் பத்தியை அவர் முன்னால் வாசிப்பதா வேண்டாமா என்பதை உங்களிடமே விடுகிறேன்.

தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். ஏடிஸ் பகலில் கடிப்பது, அதனால் பகல் தூக்கத்துக்கும் தூளிமேல் கொசுவலை போடுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இரண்டு நாள் பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றைக்கே காட்டுங்கள். எடைக்கு ஏற்ற பாராசிட்டமால் தவிர வேறு காய்ச்சல் மருந்தோ ஊசியோ வேண்டாம். நிலவேம்பு, பப்பாளி இலைச்சாறு எதையும் அந்த வயதில் வாயில் விடாதீர்கள். பால் குடிக்க மறுத்தால், ஓயாமல் வாந்தி எடுத்தால், கை கால் சில்லிட்டால், எழுப்பினாலும் சொக்கிக் கிடந்தால், ஆறு மணி நேரம் துணி நனையாமல் இருந்தால் ராத்திரி என்றும் பாராமல் வண்டி பிடியுங்கள். காய்ச்சல் விட்டுவிட்டதே என்று நிம்மதியாக இருக்கும் அந்த ஒன்றிரண்டு நாளில்தான் இதெல்லாம் வரும். கிளம்பும்போது மகனின் சம்மரியையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள், பார்க்கிற டாக்டருக்கு அது உதவும்.